பழுதுபார்க்காத பொது வீட்டுக்காரர்: இங்கிலாந்தில் தீராத ஒரு கேள்வி

வாடகையைத் தவறாமல் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர், ஒழுகும் கூரையையும் ஓதம் ஏறிய சுவரையும் கண்டுகொள்ளாவிட்டால், குடியிருப்பவர் அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? தனியார் வீடாக இருந்தால், வசதியுள்ளவர் வேறு வீடு பார்த்துப் போய்விடலாம். வீட்டுக்காரர் ஓர் உள்ளாட்சி மன்றமாகவோ லாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கமாகவோ இருக்கும்போது அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் கிடந்து பெற்ற வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது?

இங்கிலாந்தில் ஏறத்தாழ நாற்பது லட்சம் குடும்பங்கள், அதாவது ஆறில் ஒரு குடும்பம், இத்தகைய சமூக வாடகை வீடுகளில் வாழ்கின்றன. லண்டன் தமிழர்கள் பேச்சில் ‘கவுன்சில் வீடு’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் இன்று அவற்றில் பாதிக்கும் மேல் வீட்டுவசதிச் சங்கங்களின் கையில் உள்ளன. இந்த வீடுகளின் பழுது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நீதிமன்றம், நாடாளுமன்றம், குடியிருப்போர் இயக்கங்கள், ஒழுங்குமுறை ஆணையங்கள் எனப் பல தரப்பும் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே முடங்கின என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பார்த்து எடுத்தவர் பொறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொதுச் சட்டம் வீட்டுக்காரர் மீது பழுதுபார்க்கும் கடமை எதையும் பொதுவாகச் சுமத்தவில்லை. வாடகைக்கு எடுப்பவர் வீட்டைப் பார்த்துத்தான் எடுக்கிறார், பிறகு குறை சொல்ல இடமில்லை என்பதே அதன் நிலை. 1843இல் ஒரு சிறு விரிசல் விழுந்தது. பிரைட்டன் நகரில் கட்டில், மேசை முதலியவற்றோடு வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் மூட்டைப்பூச்சி தாங்காமல் வெளியேறிய குடித்தனக்காரருக்கு ஆதரவாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், வெறும் வீடாக விடப்படும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அந்த விரிசல் பூசப்பட்டது. ஏழைகள் வாடகைக்கு எடுத்தவை எல்லாம் வெறும் வீடுகளே.

நாடாளுமன்றம் 1885இல் தலையிட்டது. உழைக்கும் வர்க்கத்தினரின் குடியிருப்பு பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்தின் பணியை அடுத்து வந்த சட்டம், குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடு தொடக்கத்தில் மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் தானாகவே புகுத்தியது. பின்வந்த சட்டங்கள் அதைக் குடியிருப்புக் காலம் முழுவதற்கும் விரித்தன. அடிப்படையில் இது மிக முற்போக்கான ஏற்பாடு. அதைச் செயலிழக்கச் செய்தது வாடகை வரம்பு. கடைசியாக 1957இல் அந்த வரம்பு லண்டனில் ஆண்டுக்கு 80 பவுண்டு, மற்ற இடங்களில் 52 பவுண்டு என வைக்கப்பட்டது. அதன் பிறகு யாரும் அதை உயர்த்தவில்லை. வாரத்துக்கு ஒரு பவுண்டு வாடகையில் வீடு என்பது இல்லாமல் போனபோது, சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைக் கோரத் தகுதியுள்ள ஒருவர்கூட நாட்டில் மிஞ்சவில்லை. அதை உயிர்ப்பிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1996இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் செய்து முடிக்க 2018 ஆயிற்று. யாரும் எதிர்த்து ஒழிக்காமலேயே ஓர் உரிமை இப்படி அரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிக் கிடந்ததை இந்த வரலாற்றின் முதல் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

ஒப்பந்தக் கடமையும் அதன் ஓட்டைகளும்

இன்று வழக்கறிஞர்கள் முதலில் கையில் எடுப்பது 1961ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் பிறந்து, 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், வாடகைதாரர் சட்டத்தில் பதினோராம் பிரிவாக நிலைபெற்ற விதியை. ஏழு ஆண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில் கட்டடத்தின் உடலையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பறை, வெப்பமூட்டும் அமைப்பு ஆகியவற்றையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டு இதிலிருந்து அவர் தப்ப முடியாது.

இந்த நிலைப்பாட்டின் பலம் தெளிவானது. குடியிருப்பவர் தயவு கேட்பவராக இல்லாமல் உரிமை கோருபவராக ஆகிறார். நீதிமன்றம் வேலையைச் செய்யச் சொல்லி உத்தரவிடலாம், இழப்பீடும் தரலாம். பலவீனங்கள் வழக்குகளின் வழியே ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

முதலாவது, அறிவிப்பு. வீட்டுக்குள் இருக்கும் குறை வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிறகே அவருடைய கடமை தொடங்குகிறது என்று நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தன. 1973இல், உள்ளுக்குள் ஒளிந்திருந்த குறையால் அறையின் உட்கூரை இடிந்து விழுந்து குடியிருந்தவர்கள் காயம்பட்ட வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. யாருக்கும் தெரியாத குறைக்கு யார் மீதும் பொறுப்பில்லை. தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். ஆனால் கட்டடத்தைத் தெரிந்துகொள்ளும் வசதியும் அறிவும் பொறியாளரும் வீட்டுக்காரரிடம் இருக்க, தெரியப்படுத்தும் பாரம் மட்டும் குடியிருப்பவர் தலையில் ஏறியது. இந்த ஏற்பாடு பின்வந்த எல்லாச் சீர்திருத்தங்களுக்குள்ளும் தொடர்ந்து வந்திருப்பதால் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. வேல்ஸில் டாஃப்-ஈலி உள்ளாட்சி மன்றம் 1970களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு வீடு. உலோகச் சட்டமிட்ட ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், குளிர்க்காப்பு இல்லாத உத்தரங்கள். குளிர்காலத்தில் உள்ளே நீர் பூத்து வழிந்தது. துணிமணியும் மரச்சாமானும் அழுகின. குளிர்மாதங்களில் அந்த வீட்டில் வாழவே முடியாது என்ற அளவுக்கு நிலைமை போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் குடியிருந்தவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜன்னலும் உத்தரமும் கட்டிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன. கெட்டுப்போகாத ஒன்றைப் பழுதுபார்க்கச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். மோசமாகவே கட்டப்பட்ட வீட்டுக்கு இந்த விதியில் மருந்து இல்லை.

1999இல் சதர்க் உள்ளாட்சி மன்றத்தின் பழைய அடுக்குமாடி வீடுகள் பற்றிய வழக்கிலும் இதே முடிவு எட்டப்பட்டது. பக்கத்து வீட்டின் அன்றாடச் சத்தம் அனைத்தும் சுவர் தாண்டி வந்தது. ஒலித்தடுப்பு எதுவும் இல்லை. குடியிருப்போர் தோற்றனர். பொது வீடுகளின் தரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகள் முடிவு செய்ய வேண்டியது, நீதிபதிகள் அதில் நுழையக் கூடாது என்ற கருத்தைப் பிரபுக்கள் சபை முன்வைத்தது. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு வழக்கில் வென்றவருக்கு ஒலித்தடுப்புச் சுவர் கட்டும் பணம், இன்னொருவரின் ஒழுகும் கூரைக்கான பணமாக இருக்கக்கூடும். ஆனால் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் செயல்படாதபோது என்ன செய்வது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

2018ஆம் ஆண்டின் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. தொழிற்கட்சி உறுப்பினர் காரன் பக் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த இச்சட்டம் 2019 மார்ச் 20 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், ஓராண்டுக்குப் பின் காலவரையின்றித் தொடரும் பழைய ஒப்பந்தங்களுக்கும் பொருந்தியது. எது உடைந்தது என்று இனி நிறுவ வேண்டியதில்லை. வீடு மனிதர் வாழத் தகுந்ததா என்பதே கேள்வி. டாஃப்-ஈலி வீட்டைப் போன்ற ஒன்றில் இங்கிலாந்தில் இருப்பவர் இன்று வழக்குத் தொடுத்தால் வெல்ல நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வழக்குத் தொடுப்பதுதான் கடினமாகிவிட்டது. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்ட உதவிக் குறைப்புக்குப் பிறகு, உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து இருந்தால் மட்டுமே பழுது வழக்குகளுக்கு அரசின் உதவி கிடைக்கிறது. இழப்பீடு கோருவதற்குக் கிடையாது. அந்த இடைவெளியை, வென்றால்தான் கட்டணம் என்று சொல்லி வீடு வீடாக ஆள்பிடிக்கும் நிறுவனங்கள் நிரப்பின. உரிமையைக் கொடுத்த கையே அதை எட்டிப்பிடிக்கும் ஏணியை எடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

‘உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்’

இந்த விவாதம் முழுவதையும் ஊடுருவி நிற்கும் ஒரு நிலைப்பாடு சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆய்வுக்கு வரும் அலுவலரின் குறிப்பேட்டில் இருக்கிறது. பூஞ்சணம் பூப்பதற்குக் குடியிருப்பவரே காரணம் என்பது அது. துணியை உள்ளே காயப்போடுகிறார்கள், ஜன்னலைத் திறப்பதில்லை, மூடி போடாமல் சமைக்கிறார்கள், வீட்டைச் சூடாக வைப்பதில்லை.

இதில் இயற்பியல் உண்மை ஒரு பகுதி உண்டு. சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு ஆகியவை காற்றில் ஈரம் சேர்க்கின்றன. அந்தக் காற்று குளிர்ந்த பரப்பில் படும்போது நீராகப் படிகிறது. நாள்தோறும் நனையும் சுவரில் பூஞ்சணம் வளர்கிறது. ஆனால் எந்த வீட்டிலும் மனிதர் சமைப்பார்கள், குளிப்பார்கள், மூச்சு விடுவார்கள். அதே குடும்பம் குளிர்க்காப்பும் காற்றுப்போக்கியும் உள்ள வீட்டில் வாழும்போது சுவர் நனைவதில்லை. சுவர் ஏன் அவ்வளவு குளிர்ந்திருக்கிறது, ஈரக்காற்று வெளியேற ஏன் வழியில்லை, வீட்டைச் சூடாக்க ஏன் கட்டுப்படியாகாத செலவாகிறது என்ற மூன்று கேள்விகளும் கட்டடத்தை நோக்கியவை. ஐந்து பேர் இரண்டு அறைகளில் நெருக்கிக்கொண்டு இருந்தால் ஈரம் கூடும். அந்த நெருக்கடியும் வீடு ஒதுக்கியவர் அறிந்ததே.

ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு, ஆனால் இந்தத் தர்க்கம் அம்பலமான ஊர்களில் கிளாஸ்கோ முக்கியமானது. கோர்பல்ஸ் வட்டாரத்தின் ஹட்செசன்டவுன் பகுதியில் முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் எழுப்பிய அடுக்குமாடிகள் 1970களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சுவரெல்லாம் கருத்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டைச் சூடாக்குங்கள் என்று மாநகராட்சி சொன்னது. குடியிருப்போர் ஓத எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, வாடகையை நிறுத்திவைத்துப் போராடினர். பெரும்பாலும் பெண்கள் நடத்திய போராட்டம் அது. நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே நோய் இருக்கும்போது தனித்தனிக் குடும்பத்தின் பழக்கத்தைக் காரணம் காட்ட முடியாது என்று நிறுவினர். இறுதியில் அந்தக் கட்டடங்கள் இருபது ஆண்டுகூட நிற்காமல் இடிக்கப்பட்டன.

அந்த அனுபவம் இங்கிலாந்தின் நிர்வாகங்களுக்குப் பாடமானதாகத் தெரியவில்லை. 2021 அக்டோபரில் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ரிச்சர்ட் பிளேக்வே வெளியிட்ட சிறப்பறிக்கை, இது வாழ்க்கை முறைப் பிரச்சினை இல்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 2020 டிசம்பரில், ரோச்டேல் நகரில் அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்திருந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடுமையான சுவாச நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் முடிவு கூறினார். குடும்பம் 2017இலேயே புகார் செய்திருந்தது. சுவருக்கு வண்ணம் பூசிக்கொள்ளச் சொல்லப்பட்டது. குடும்பத்தின் வாழ்க்கை முறை குறித்துத் தாங்களாக அனுமானங்கள் செய்ததை, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுவசதிச் சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். புலம்பெயர்ந்து வந்த குடும்பம் என்றால் ‘அவர்கள் பழக்கம் அப்படி’ என்ற வாசகம் எவ்வளவு எளிதாக எழுதப்பட்டுவிடுகிறது என்பது, அந்நாட்டில் குடியேறி வாழும் நம்மவர்களும் யோசிக்க வேண்டியது.

வாடகையை நிறுத்துவது

சட்டம் கைகொடுக்காதபோது குடியிருப்போர் எடுத்த ஆயுதம் வாடகை. 1915இல் கிளாஸ்கோவின் வாடகை மறுப்புப் போராட்டம் வாடகை உயர்வை எதிர்த்தது. அதே ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. பழுதுக்காக நடந்த மறுப்புகளில் அவ்வளவு பளிச்சிடும் வெற்றி இல்லை.

லிவர்பூலின் எவர்ட்டன் பகுதியில் மாநகராட்சி கட்டிய உயர்ந்த அடுக்குமாடிகளில் மின்தூக்கிகள் ஓடவில்லை, படிக்கட்டில் விளக்கில்லை, குப்பைக் குழாய் அடைத்துக் கிடந்தது. குடியிருப்போர் வாடகையை நிறுத்தினர். மாநகராட்சி காலிசெய்யச் சொல்லி வழக்குத் தொடுத்தது. இர்வின் வழக்கு என்று அறியப்படும் இது 1976இல் பிரபுக்கள் சபையில் முடிந்தது. படிக்கட்டும் மின்தூக்கியும் இல்லாமல் உயரத்தில் வாழ முடியாது என்பதால், பொது இடங்களை நியாயமான கவனத்தோடு பராமரிக்கும் கடமை ஒப்பந்தத்தில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்ற முக்கியமான கொள்கை பிறந்தது. ஆனால் மாநகராட்சி அந்தக் கவனத்தை எடுக்கவில்லை என்று நிறுவப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கழிப்பறைத் தண்ணீர்த்தொட்டி வழிந்த குறைக்காக மட்டும் ஐந்து பவுண்டு பெயரளவு இழப்பீடு கிடைத்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் இந்த வழக்கில், வழக்காடியவர்களுக்கு மின்தூக்கி ஓடவில்லை.

வாடகையைக் கழித்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதைக் குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம் என்பதை 1971இல் ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. அதே சட்ட மரபில் எழுந்த இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், தன் 108ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு வட்டியோடு வாடகையில் கழிக்கலாம்.

நடைமுறையில் இந்த வழி ஏழைகளுக்கு ஆபத்தானது. வீட்டுவசதிச் சங்கங்களின் வாடகைதாரர்களில் பலர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அச்சட்டப்படி சில மாத வாடகை பாக்கி விழுந்தால், நீதிபதி விரும்பினாலும் வீட்டைக் காப்பாற்ற முடியாத நிலை வரலாம். கழித்தது நியாயம் என்று நிறுவும் சுமையும் குடியிருப்பவருடையதே. இன்னொரு மாற்றத்தை இந்த வழியை ஆதரிப்பவர்கள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. சமூக வீடுகளில் இருப்போர் பலருக்கு வாடகையை அரசின் உதவித்தொகை கட்டுகிறது. அது பல சமயம் வீட்டுக்காரருக்கே நேராகப் போகிறது. கையில் வராத பணத்தை நிறுத்திவைக்க முடியாது. 1915இல் வேலை செய்த ஆயுதம் இன்று பெரும்பகுதி மழுங்கிவிட்டது.

காவலும் கள்ளமும் ஒரே கட்டடத்தில்

குடியிருப்பவரை வழக்காட வைக்காமல் அரசே ஆய்வாளரை அனுப்பட்டும் என்பது பொதுச் சுகாதார மரபிலிருந்து வந்த பதில். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் ஓதம், கடுங்குளிர், தீ, விழுதல் என 29 வகை அபாயங்களை அளந்து மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. அபாயம் கடுமையாக இருந்தால் உள்ளாட்சி மன்றம் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். தனியார் வீட்டுக்காரர்மீதும் வீட்டுவசதிச் சங்கத்தின்மீதும் அது ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் தன் சொந்த வீடுகள் விஷயத்தில் தனக்குத்தானே ஆணை அனுப்ப முடியாது. கார்டிஃப் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 1980களின் தொடக்கத்திலேயே இந்தக் கொள்கை உறுதியானது. அதனால் தரம் பற்றிய மிக நுட்பமான ஆய்வுக் கருவி, கவுன்சில் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் பயன்படாமல் போனது. 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி குடியிருப்பவர் தாமே மன்றத்தின்மீது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். பலரும் தொடுத்து வென்றுள்ளனர். ஆயினும் உடல்நலத்துக்குக் கேடு என்ற அளவுகோலுக்குள் அடங்காத குறைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை.

முறையீட்டு வழி

1996ஆம் ஆண்டுச் சட்டம் சமூக வீட்டுக்காரர்களுக்கான குறைதீர்ப்பாளர் ஏற்பாட்டுக்கு வழிசெய்தது. செலவில்லை, வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் 2011இல் வந்த சட்டம் இந்த எளிய வழியின் குறுக்கே ஒரு படியை வைத்தது: நகர்மன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது குடியிருப்போர் குழு வழியாகப் போக வேண்டும், இல்லையேல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஒழுங்குமுறை ஆணையமோ, குடியிருப்போருக்குக் கடும் கேடு நேர்ந்தால் அன்றித் தரம் குறித்துத் தலையிடக் கூடாது என்று கட்டிப்போடப்பட்டது. வீட்டுக்காரர்களுக்குச் சுமை குறைய வேண்டும் என்பது அன்றைய அரசின் வாதம். யாருடைய சுமை கூடியது என்பதை அது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவரில் தீப்பற்றி 72 பேர் இறந்தனர். கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடுகளே தீ பரவக் காரணம்; எனினும் குடியிருப்போர் அதற்கு முன்னரே பாதுகாப்புக் குறித்து எழுப்பிய குரல்களுக்குச் செவிகொடுக்கப்படவில்லை என்பதும் நாட்டை உலுக்கியது. அங்கிருந்து 2023 ஜூலையில் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வரை ஆறு ஆண்டுகள் பிடித்தன. கடும் கேடு என்ற தடை நீக்கப்பட்டது. பெரிய வீட்டுக்காரர்களை நான்காண்டுக்கு ஒரு முறை ஆய்வுசெய்து தர மதிப்பீடு அளிக்கும் முறை 2024 ஏப்ரலில் தொடங்கியது. குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு இருந்த குறுக்குப்படி 2022 அக்டோபரிலேயே அகற்றப்பட்டிருந்தது.

இதே இடத்தில் இன்னொரு நிலைப்பாட்டையும் பார்த்துவிடலாம்: நிர்வாகத்தைக் குடியிருப்போர் கையிலேயே கொடுத்துவிட்டால் பழுது தானே தீரும் என்பது. கிரென்ஃபெல்லை நிர்வகித்தது, பெயரளவில், குடியிருப்போர் மேலாண்மை அமைப்பு. ரோச்டேலில் இருந்தது குடியிருப்போரும் ஊழியரும் உறுப்பினராகச் சேரக்கூடிய கூட்டுறவு வடிவம். இரண்டும் ஆயிரக்கணக்கான வீடுகளை நிர்வகித்த பெரிய அமைப்புகள் என்பதால், சிறிய கூட்டுறவுகளுக்கு இந்த இரு தோல்விகளை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனாலும் உறுப்பினர் அட்டை மட்டும் ஒருவரின் புகாருக்கு வலு சேர்ப்பதில்லை என்பது தெளிவாகிவிட்டது.

நாள் குறித்த சட்டம்

ரோச்டேல் மரணத்துக்குப் பின் வந்ததுதான் அவாப் சட்டம். இதுவரை ‘நியாயமான காலம்’ என்று இருந்த இடத்தில் மணியும் நாளும் எழுதப்பட்டன. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்தான குறைகளை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். கடுமையான ஓதம், பூஞ்சணம் என்றால் பத்து வேலைநாட்களுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்த மூன்று வேலைநாட்களுக்குள் எழுத்துமூல அறிக்கை, ஐந்து வேலைநாட்களுக்குள் பாதுகாப்புப் பணி. முடியாவிட்டால் வீட்டுக்காரர் செலவில் மாற்று இடம். 2026இலும் 2027இலும் மற்ற அபாயங்களுக்கும் இதை விரிப்பதாக அரசு அறிவித்திருக்கிறது.

முந்தைய பதில்களிலிருந்து இது வேறுபடும் இடம் முக்கியமானது. ரோச்டேல் குடும்பம் வழக்கறிஞர் வழியாகக் கோரிக்கை அனுப்பியது; அப்படிக் கோரிக்கை வந்தால் வழக்கு முடியும்வரை வேலையை நிறுத்திவைப்பதே அந்தச் சங்கத்தின் வழக்கமாக இருந்தது. உரிமையைக் கோரியதே பழுதுபார்ப்பைத் தாமதப்படுத்தியது. நாள் கணக்குச் சட்டத்தில் இருக்கும்போது அப்படி நிறுத்திவைக்க இடம் குறைகிறது.

எதிர்வாதங்களும் கனமானவை. 2016 முதல் நான்கு ஆண்டுகள் சமூக வாடகையை ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைக்க அரசே உத்தரவிட்டது. குடியிருப்போருக்கு அது நல்லதே. ஆனால் பராமரிப்புக்கான வருவாயும் சேர்ந்து சுருங்கியது. கிரென்ஃபெல்லுக்குப் பின் வெளிப்பூச்சை மாற்றும் செலவும் அதே பணப்பையில் விழுந்தது. கெடு உள்ள வேலை முன்னே போனால், கெடு இல்லாத வேலை பின்னே தள்ளப்படும் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. தம்மால் இயன்ற நியாயமான முயற்சி எல்லாம் செய்ததாக நிறுவினால் தப்பலாம் என்ற வாசல் சட்டத்திலும் உண்டு. அதை நீதிமன்றங்கள் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைப் பொறுத்தே இச்சட்டத்தின் வலிமை அமையும். வீடற்றோருக்குத் தரப்படும் தற்காலிகத் தங்குமிடங்கள் பொதுவாக இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. மிக மோசமான அறைகளில் குழந்தைகள் வளர்வது பெரும்பாலும் அங்கேதான்.

தீராமல் நிற்பவை

பணம் யார் தருவது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. வாடகை உயர்வா, வரிப்பணமா என்பதில் இணக்கம் இல்லை. மோசமாகக் கட்டப்பட்ட தொகுதிகளைச் சீர்செய்வதா, இடித்துக் கட்டுவதா என்பதிலும் அப்படியே. இடிப்பது என்றால் குடியிருப்போர் பலர் ஊரையே விட வேண்டிவருகிறது.

இவற்றைவிட ஆழமானதாக எனக்குப் படுவது 1973 தீர்ப்பு உறுதிசெய்த அந்தப் பழைய ஏற்பாடு. ஒப்பந்தக் கடமை, குறைதீர்ப்பாளர், அவாப் சட்டம் எல்லாமே குறை வீட்டுக்காரரின் காதுக்கு எட்டிய பிறகே அசைகின்றன. பெரும்பாலும் அதை எட்டச் செய்ய வேண்டியவர் குடியிருப்பவரே. தனியே வாழும் முதியவர், ஆங்கிலம் பேச வராதவர், புகார் செய்தால் வீடு போய்விடுமோ என்று அஞ்சுபவர் ஆகியோருக்கு எந்தக் கெடுவும் தொடங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலையையும் நேரில் மதிப்பிட்டுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று 2024 முதல் ஒழுங்குமுறை ஆணையம் எதிர்பார்ப்பது சரியான திசையில் ஓர் அடி. ஆனால் அது நிறுவனத்தின் தரத்தை அளக்கும் அளவுகோல். குடியிருப்பவர் பிடித்துக் கேட்கக்கூடிய உரிமை ஆகவில்லை.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை, யாரும் கேட்காமலே, தகுதிபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் எல்லா வீட்டுக்காரர்களையும் கட்டுப்படுத்துகின்றன. தவறினால் குற்றம். ஓதத்துக்கும் பூஞ்சணத்துக்கும் அப்படி ஒரு விதி இங்கிலாந்தில் இன்னும் இல்லை.